முடிக்காத பேட்டி

அந்தப் பிள்ளை ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டால் அதற்கப்புறம் வாயைத் திறக்க மாட்டாள். பதில் வருகிற வரைக்கும் அப்படியே இருப்பாள். முகத்தை முறைத்துப் பார்க்க மாட்டாள், அதுவா இதுவா என்று எடுத்துக் கொடுக்க மாட்டாள். நம் கைக்குப் பக்கத்தில் என்ன கிடக்கிறதோ அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். வாளி கிடந்தால் வாளி, முறம் கிடந்தால் முறம். நாம் எழுந்து போய் ஒரு வேலையை முடித்துவிட்டு வந்தாலும் அந்த வாளியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள்.

பெரம்பலூரில் துறையூர் ரோட்டை ஒட்டி ஒரு மாடி வீட்டை வாடகைக்குப் பிடித்து ஆபீஸ் போட்டிருந்தார்கள். வயசுப் பிள்ளைகளின் மனசைப் பற்றி ஆராய்ச்சி. பெரம்பலூர், அரியலூர் இரண்டு ஜில்லாவிலும் ஊர் ஊராகப் போய், காலேஜ் போகிற பிள்ளைகள், படிப்பை விட்ட பிள்ளைகள், சிமெண்டு ஆலையில் வேலைக்கு நிற்கிற பிள்ளைகள் எல்லாரையும் உட்காரவைத்துக் கேள்வி கேட்பார்கள். தூக்கம் வருகிறதா, சாப்பிடப் பிடிக்கிறதா, மனசுவிட்டுப் பேச ஆள் இருக்கிறதா, இப்படி. நான் அங்கே கூட்டித் துடைத்து டீ போடுகிற வேலையில் இருந்தேன். எல்லாரும் ஆயா என்று கூப்பிடுவார்கள்.

அந்தப் பிள்ளை கேள்வி கேட்கிற வேலைக்குச் சேர்ந்த அன்று சமையல்கட்டு வாசலில் வந்து நின்று, “உங்கள நான் எப்பிடிக் கூப்பிடட்டும்?” என்று கேட்டாள். என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. எனக்குக் கூச்சமாகிவிட்டது. அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் என்னை ஆயா என்றும் கூப்பிடவில்லை. டீ வேண்டுமென்றால் வாசலில் வந்து நிற்பாள், நான் திரும்பிப் பார்க்கிற வரைக்கும் நிற்பாள். அந்த வாரம் பூராவும் அவளுக்கு நான் பெயரில்லாத ஆளாகத்தான் இருந்தேன். கடைசியில் எனக்கே ஒருமாதிரியாகி, “பெரியம்மான்னு கூப்பிட்டுக்க” என்றேன்.

“சரி பெரிம்மா” என்றாள். எப்போது சொல்லுவேன் என்று அதுவரை கேட்கவும் இல்லை, சொன்னதும் சிரிக்கவும் இல்லை.

அவளுக்கு ஊர் லெப்பைக்குடிகாடு. அவளுடைய அத்தா, அதாவது அப்பா, அவள் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே சவூதிக்குப் போனவர். அதைப் பற்றி ஒருநாள் டீ குடிக்கும்போது சொன்னாள். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து அத்தா போன் பண்ணுவாராம். பக்கத்து வீட்டில்தான் போன். “அத்தா பேசவே மாட்டாங்க பெரிம்மா. நல்லா இருக்கியளான்னு கேப்பாங்க, அதோட சரி. அம்மா போனக் காதுல வச்சுக்கிட்டு நிப்பாங்க. அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேக்கும். கார்டு தீர்ற வரைக்கும் ரெண்டு பேரும் அப்பிடியே இருப்பாங்க. பக்கத்து வூட்டு மாமி, என்னடி இது, பேசாம இருக்கறதுக்கு எதுக்குடி போனுன்னு ஏசுவாங்க.”

“உங்கம்மா என்ன சொல்லுவாங்க?” என்று கேட்டேன்.

“ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. இருக்கேன், இருக்கேன்னு போன்ல சொல்லிக்கிட்டு இருப்பாங்க.”

அவளும் அந்த வார்த்தையைத்தான் சொல்லுவாள். யாராவது பதில் சொல்லத் தடுமாறினால், “அவசரமில்ல. இருக்கேன்.” அதற்குமேல் ஒரு சொல் வராது.

வண்டி ஓட்டுகிற டிரைவர் அரியலூர்க்காரர். வாய் சும்மா இருக்காது. “ஆயா, இந்தப் பாப்பா ஒரு வூட்டுல பதில் வாங்கிட்டு வர்றதுக்குள்ள நான் வண்டிக்குள்ள ஒரு தூக்கம் போட்டு, கனவு கண்டு, கனவுல சண்டை போட்டு, சமாதானமும் ஆயிடுறேன்” என்பார். அவள் அதையும் கேட்டுக்கொண்டு ஸ்டெப்னி டயரைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

எல்லாருக்கும் அது பிடிக்காது. கீழப்பழுவூரில் ஒரு வீட்டு அம்மா, “என்னத்தா நீ, கேட்டுப்புட்டு இப்பிடி உக்காந்திருக்க? எழுந்திரிச்சுப் போ” என்று விரட்டிவிட்டாராம். எனக்கும் முதலில் பிடிக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். அவள் ஆபீசில் இருந்தால் நான் மாடிக்குத் துணி உலர்த்தப் போய்விடுவேன்.

இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு ஒரே பையன். அரியலூரில் ஐ.டி.ஐ. படித்தான். பத்தொன்பது வயசில் போய்விட்டான். எதனால் என்று யாராவது கேட்டால் வயித்துவலி என்று சொல்லுவோம். எங்கள் பக்கத்தில் அப்படித்தான். என் கொழுந்தனார் ஸ்டேஷனில் அப்படி எழுதிக் கொடுத்தார். பேப்பரிலும் ஒரு மூலையில் ‘தீராத வயிற்றுவலி’ என்று வந்தது. எழுதிக் கொடுக்கிறவருக்கும் தெரியும், வாங்கிக்கொள்கிறவருக்கும் தெரியும், படிக்கிறவர்களுக்கும் தெரியும். வயசுப் பிள்ளைக்கு வயித்துவலி என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் யாரும் எதுவும் கேட்கக் கூடாது. என்னிடமும் கேட்டதில்லை. அவனுடைய அப்பா இருந்தவரைக்கும் நாங்கள் இரண்டு பேருமே எங்களுக்குள் அப்படித்தான் சொல்லிக்கொண்டோம். அவரும் போன பிறகு அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டுதான் நான் நாலு பேர் முன்னால் நடமாடினேன். அதை எடுத்துவிட்டால் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பது என்று எனக்குத் தெரியாது.

வேலை தொடங்கும் முன்னால் கேள்வி கேட்கப் போகிற பிள்ளைகளுக்கெல்லாம் டிரெய்னிங் நடந்தது. சென்னையிலிருந்து வந்த சார் ஒருவர்தான் எல்லாவற்றுக்கும் பொறுப்பு. ஆளுக்கொரு டேப், ஸ்லேட்டு மாதிரிப் பெரிய போன், கொடுத்து, கேள்வி அதில் எப்படி இருக்கிறதோ அப்படியே வாசிக்க வேண்டும் என்பார். ஒரு வார்த்தையை மாற்றக் கூடாது. ஐயோ பாவம் என்று சொல்லக் கூடாது. முகத்தில் ஒன்றும் காட்டக் கூடாது. பதில் நாலுதான்: ஒரு நாளும் இல்லை, சில நாட்கள், பாதி நாட்களுக்கு மேல், தினமும். நாலையும் வாசித்துவிட்டு விட்டுவிட வேண்டும். மற்றப் பிள்ளைகளுக்கு இது வரவே இல்லை. “சில நாள்தானே தம்பி?” என்று அவர்களே முடித்து வைப்பார்கள். சார் தலையில் அடித்துக்கொள்வார். அவளுக்கு மட்டும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

இரண்டு இரண்டு பேராக உட்கார்ந்து ஒருத்தர் கேட்க ஒருத்தர் பதில் சொல்லிப் பழக வேண்டும். அன்றைக்கு ஒரு பெண் வரவில்லை. அதனால் இவளுக்கு ஜோடி இல்லாமல் போய்விட்டது. சார் என்னைக் கூப்பிட்டு, “ஆயா, நீங்க உக்காருங்க. உங்களுக்குத் தெரிஞ்ச ஒரு பையன மனசுல வச்சுக்கிட்டு, அவன் சொல்ற மாதிரி சொல்லுங்க. சும்மா பழக்கத்துக்குத்தான்” என்றார். நான் மாட்டேன் என்றேன். நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டார்கள்.

“வயசு?” என்றாள்.

எனக்குத் தெரிந்த வயசுப் பையன் வேறு யார்? “பத்தொம்போது” என்றேன்.

தூக்கம் கேட்டாள். சொன்னேன். சாப்பாடு கேட்டாள். ரசம் சோறு என்றால் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிடுவான் என்றேன். “நாலுல ஒண்ணு சொல்லணும் பெரிம்மா” என்றாள். சொன்னேன். உடம்புக்கு ஏதாவது தொந்தரவு உண்டா என்று கேட்டாள்.

“வயித்துவலி” என்றேன். வாய் பழக்கம்.

அவள் விரல் டேப்பின் மேல் ஒரு கணம் நின்றது. அவளும் இந்த ஜில்லாவில் பிறந்தவள்தானே. முகத்தில் ஒன்றும் வரவில்லை. அதைக் குறித்துக்கொண்டு அடுத்ததை வாசித்தாள். “கடந்த இரண்டு வாரங்களில், உயிரோடு இருந்து என்ன பயன் என்ற எண்ணம் உங்களுக்கு வந்ததுண்டா?” நாலு பதிலையும் வாசித்தாள். பிறகு என் கையில் இருந்த பிடிதுணியைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

சுற்றிலும் எல்லாரும் முடித்துவிட்டார்கள். சாப்பாட்டுப் பொட்டலம் வந்தது. சாம்பார் வாசனை அடித்தது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. நெஞ்சுக்குள் யாரோ வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு போன மாதிரி இருந்தது. “சாதம் ஆறிடும்” என்று எழுந்துவிட்டேன்.

“சொல்லணும்னு தோணும்போது சொல்லுங்க பெரிம்மா. இருக்கேன்” என்றாள்.

நான் அது அத்தோடு போயிற்று என்று நினைத்தேன். போகவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் போட்டால்தான் அடுத்த பக்கம் திறக்குமாம். பதில் இல்லாததால் அந்தப் பேட்டி அவள் டேப்பில் முடியாமல் நின்றுவிட்டது. தினமும் சாயந்திரம் சார் எல்லாருடைய டேப்பையும் வாங்கிப் பார்க்கும்போது அது மட்டும் சிவப்பாக மேலே நிற்கும்.

“இது டிரெய்னிங்ல போட்டது. இன்னும் ஏம்மா வச்சிருக்கீங்க? அழிச்சிருங்க.”

“பதில் வரல சார்.”

“பதில் சொல்ல விருப்பமில்லைன்னு ஒரு பட்டன் இருக்குல்ல? அதப் போட்டு முடிங்க.”

“விருப்பமில்லைன்னு அவங்க சொல்லலையே சார்.”

மற்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். “சார், அவ கெழவி ஆனாலும் அழிக்க மாட்டா” என்றாள் ஒருத்தி. சாரும் சிரித்துவிட்டு, “சரி, டேப்பத் திருப்பிக் குடுக்கும்போது பாத்துக்கலாம்” என்று விட்டுவிட்டார். நான் சமையல்கட்டில் பால் பொங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பத்தொன்பது வயசுப் பையன் ஒருத்தன் பதில் சொல்லாமல் அந்த டேப்பில் உட்கார்ந்திருக்கிறான். தினமும் சாயந்திரம் அவனைப் பற்றிப் பேசுகிறார்கள். இத்தனை வருஷத்தில் அவனைப் பற்றி யாரும் தினமும் பேசியதில்லை.

அவள் என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. டீ வாங்கிக்கொள்வாள், குடிப்பாள், டம்ளரைத் தானே கழுவி வைப்பாள்.

சில ஊர்களுக்குப் பெண்பிள்ளைகள் போகும்போது துணைக்கு என்னையும் வண்டியில் ஏற்றி அனுப்புவார்கள். வயசான ஒருத்தி கூட நின்றால் வீட்டுக்காரர்கள் உள்ளே விடுவார்கள். அப்படித்தான் ஒருநாள் ரெட்டிபாளையம் போனோம். சிமெண்டுத் தூசி. முருங்கை இலை கூட வெள்ளையாக இருந்தது. ஒரு வீட்டில் ஒரு பையன், மீசை அரும்புகிற வயசு. படிப்பை நிறுத்தி மாதங்கள் ஆகின்றன, அறையை விட்டு வெளியே வருவதில்லை என்றார்கள். அவன் அம்மா எங்களைப் பார்த்ததும், “அவனுக்கு ஒண்ணுமில்லீங்க, வயித்துவலி” என்றார்.

எனக்குக் கால் அப்படியே நின்றுவிட்டது. பிள்ளை உயிரோடு உள்ளே இருக்கிறான். இந்த அம்மா சொல்லை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறாள்.

லெப்பைக்குடிகாட்டுப் பிள்ளை அந்தப் பையனை முற்றத்தில் உட்காரவைத்து, அம்மாவை என்னோடு அடுப்படிக்கு அனுப்பிவிட்டுக் கேட்டாள். அந்தக் கேள்வியும் வந்தது. நான் அடுப்படி வாசல் வழியாக எட்டிப் பார்த்தேன். டேப்பின் மேல் தூசி விழுந்துகொண்டிருந்தது. அவள் துப்பட்டாவால் துடைத்தாள். திரும்பத் தூசி விழுந்தது. துடைத்தாள். பையன் காலால் தரையில் கோடு போட்டுக்கொண்டிருந்தான். கடைசியில் ஏதோ சொன்னான், எனக்குக் கேட்கவில்லை.

அந்தக் கேள்விக்குத் ‘தினமும்’ என்கிற மாதிரிப் பதில் வந்தால் டேப்பில் ஒரு கட்டளை வரும். அவனைத் தனியே விடக் கூடாது, பொறுப்பாளருக்கு உடனே சொல்ல வேண்டும். அவள் சாருக்குப் போன் பண்ணினாள். பிறகு அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“என்னம்மா இது வம்பாப் போச்சு? வூட்டுல ஆம்பள இல்லாத நேரத்துல நீ பாட்டுக்கு உக்காந்துக்கிட்ட” என்று அந்த அம்மா சத்தம் போட்டார்.

“சார் டாக்டரோட வர்றாங்கம்மா. வர்ற வரைக்கும் இங்கதான் இருப்பேன்.”

பையனே சொன்னான். “அக்கா, நீங்க போங்க. நான் ஒண்ணும் பண்ணிக்க மாட்டேன்.”

“சரி தம்பி. இருக்கேன்.”

“போங்கன்னு சொல்றேன்ல.”

“ம்.”

கொஞ்ச நேரம் கழித்து அவன், “உங்களுக்கு வேற வேலை இல்லையாக்கா?” என்றான். “இதான் வேலை” என்றாள். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் அம்மா என் பக்கத்தில் நின்று அந்தச் சிரிப்பைப் பார்த்தார். பார்த்துவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். சாரும் டாக்டரும் வருகிற வரைக்கும் எங்கள் டிரைவர்கூட வாயைத் திறக்கவில்லை.

அந்தப் பையன் அப்புறம் அரியலூர் ஆஸ்பத்திரிக்கு வாராவாரம் போய்வந்தான். போன தைக்கு அரியலூர் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். கறுத்து, தடித்து, யாரிடமோ போனில் சண்டை போட்டுக்கொண்டிருந்தான். என்னை அடையாளம் தெரியவில்லை. நானும் பேசவில்லை. பஸ் ஏறிவிட்டேன்.

அவளுக்கு அந்தச் சமயம் வீட்டில் மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். ஷார்ஜாவில் கடையில் வேலை. பேசிப் பார்க்கட்டும் என்று நம்பர் கொடுத்திருக்கிறார்கள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்து பேசினாள். நான் படியைக் கூட்டிக்கொண்டிருந்தேன்.

“உங்களுக்கு எதக் கண்டா பயம்?” என்று அவரிடம் கேட்டாள்.

அவ்வளவுதான். அப்புறம் போனைக் காதில் வைத்துக்கொண்டு என் துடைப்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மேல்படி முடித்து, கீழ்ப்படி முடித்து, வாசலும் பெருக்கிவிட்டு வந்தேன். அந்தப் பக்கத்திலிருந்து, “ஹலோ? லைன்ல இருக்கியளா?” என்று சத்தம் வெளியிலேயே கேட்டது.

“இருக்கேன்” என்றாள்.

போன் கட்டாகிவிட்டது. “இந்த இடம் அம்பேல்” என்று மற்றப் பெண்கள் கேலி பண்ணினார்கள். பிறகொரு நாள் டீ குடிக்கும்போது, “அவங்க திரும்ப போன் பண்ணினாங்க பெரிம்மா. சொன்னாங்க” என்றாள். என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அவரைத்தான் கட்டிக்கொண்டாள். இப்போது ஷார்ஜாவில் இருக்கிறாள் என்று டிரைவர் சொன்னார்.

ஆராய்ச்சி முடிந்தது. நாற்காலி, பெஞ்சு எல்லாம் லாரியில் ஏறிவிட்டன. சாயந்திரத்துக்குள் டேப்புகளையும் பெட்டியில் வைத்துக் கட்ட வேண்டும். நான் சமையல்கட்டில் டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். அதுவும் கட்டிப் போக வேண்டிய சாமான்தான். அவள் டேப்போடு வந்தாள். கீழே ஒரு காலி எண்ணெய் டின் இருந்தது. அதைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“பெரிம்மா, இன்னைக்கி டேப்பக் குடுத்துடணும். அதுல இருக்கறத என்ன பண்ணட்டும்? அழிச்சுடட்டுமா?”

நான் குழாயை மூடவில்லை. தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. அவள், நான் கழுவிக் கவிழ்த்த டம்ளர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே லாரிக்காரர் ஹாரன் அடித்தார். “எல்லாம் ஆச்சா?” என்று சார் குரல் கேட்டது. அவள் அசையவில்லை.

“அந்தக் கேள்விய இன்னொரு தரம் வாசி” என்றேன்.

வாசித்தாள். முதல் தரம் வாசித்த அதே குரல், அதே சொல். கடந்த இரண்டு வாரங்களில், உயிரோடு இருந்து என்ன பயன் என்ற எண்ணம் உங்களுக்கு வந்ததுண்டா. ஒரு நாளும் இல்லை. சில நாட்கள். பாதி நாட்களுக்கு மேல். தினமும்.

அந்தக் கடைசி இரண்டு வாரம் என் பையன் ரசம் சோறு வேண்டாம் என்றான். செருப்பை வாசலில் விடாமல் கட்டிலுக்கடியில் வைத்தான். சட்டையை மடித்து மடித்து வைத்தான். அவன் போன அன்றைக்கு நான் வெளியே மாவு ஆட்டிக்கொண்டிருந்தேன்.

“அவனுக்கு வயித்துவலி இல்லம்மா” என்றேன்.

அவள் டம்ளர்களிலிருந்து கண்ணை எடுத்து டேப்பைப் பார்த்தாள்.

“தினமும்னு போட்டுக்க.”

விரலை வைத்தாள். நான் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். டேப்பில் வெளிச்சம் மாறி அவள் முகத்தில் சிவப்பாக அடித்தது. பழக்கத்துக்குப் போட்டதா நிஜமா என்று அந்தச் சாமானுக்குத் தெரியாது. அவளும் எல்லாவற்றையும் வாசிக்கிற மாதிரியே அதில் வந்த கட்டளையையும் ஒரு வார்த்தை மாற்றாமல் வாசித்தாள்.

“இவரைத் தனியாக விட்டுச் செல்ல வேண்டாம். பொறுப்பாளருக்கு உடனே தெரிவிக்கவும். அவர் வரும்வரை உடன் இருக்கவும்.”

சார் வாசலுக்கு வந்து கையை நீட்டினார். அவள் எழுந்திருக்காமலே டேப்பை நீட்டினாள். அவர் வாங்கிப் படித்தார். வயசு என்ன போட்டிருக்கிறது என்று மேலே தள்ளிப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். திரும்பிப் போய், “வண்டி கொஞ்சம் நிக்கட்டும்” என்று யாரிடமோ சொன்னது கேட்டது.

நான் அழவில்லை. குழாயை மூடவும் தோன்றவில்லை. கழுவின டம்ளரையே திரும்ப எடுத்துக் கழுவிக்கொண்டிருந்தேன். அவள் அந்த எண்ணெய் டின்மேல் உட்கார்ந்திருந்தாள்.

“பஸ்ஸு போயிடும்மா. நீ போ” என்றேன்.

“சரி பெரிம்மா” என்றாள். “இருக்கேன்.”